கையால் கேட்டால் பதில் வருகிறது, மென்பொருள் கேட்டால் டைம்அவுட்: லினக்ஸ், விண்டோஸ், மேக், ஃப்ரீபிஎஸ்டி

3 பிப்ரவரி 2025, வந்த கேள்வி

"ராக்கி லினக்ஸில் ஸாபிக்ஸ் என்ற கண்காணிப்பு மென்பொருளைப் போட்டிருக்கிறேன். கண்காணிக்க வேண்டியவை உபுண்டு சர்வர்கள், விண்டோஸ் சர்வர்கள், சில மேக், ஃப்ரீபிஎஸ்டியில் ஓடும் ஒரு ஃபயர்வால். பாதிக்கு மேல் சிவப்பு. உபுண்டுவிலேயே உட்கார்ந்து எஸ்என்எம்பி (நெட்வொர்க் வழியாக மெஷினின் நிலையைக் கேட்கும் நெறிமுறை) வாக் கட்டளை அடித்தால் பதில் வருகிறது, ஸாபிக்ஸில் டைம்அவுட். ராக்கியில் ரூட்டாக பிங் அடித்தால் போகிறது, ஸாபிக்ஸ் மட்டும் பிங் இல்லை என்கிறது. மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவுக்கு வந்துவிட்டேன். நாகியோஸ், லிப்ரேஎன்எம்எஸ் இரண்டில் எதற்கு மாறலாம்?"

3 பிப்ரவரி, இரவு

எதற்கும் மாறாதீர்கள். அந்த இரண்டும் எஸ்என்எம்பிக்கான இதே யுடிபி 161 போர்ட்டில்தான் போய்க் கேட்கப்போகின்றன, இதே சிவப்பைத்தான் காட்டப்போகின்றன. ஒரு வாரம் புதுசாக இன்ஸ்டால் செய்த அலுப்புதான் மிச்சம்.

உங்கள் கேள்வியிலேயே விடை இருக்கிறது. உபுண்டுவில் உட்கார்ந்து உபுண்டுவைக் கேட்டீர்கள், ராக்கியில் ரூட்டாகக் கேட்டீர்கள். ஸாபிக்ஸ் இந்த இரண்டையும் செய்வதில்லை. அது ராக்கியிலிருந்து, ஸாபிக்ஸ் என்ற பயனராக, வயர் வழியாகக் கேட்கிறது. எங்கிருந்து கேட்கிறோம், யாராகக் கேட்கிறோம் என்ற இரண்டும் ஒன்றாக இல்லாதவரை கையால் செய்த சோதனை எதையும் நிரூபிக்காது.

முதலில் உபுண்டு. உபுண்டு சேர்ந்த டெபியன் குடும்பத்தில் எஸ்என்எம்பிடி (எஸ்என்எம்பி கேள்விக்குப் பதில் சொல்லும் சர்வீஸ்) நிறுவியதும் 127.0.0.1 முகவரியில், அதாவது அதே மெஷினுக்குள்ளிருந்து வரும் கேள்விக்கு மட்டும்தான் காது கொடுக்கும். எஸ்என்எம்பிடி கான்ஃபில் ஏஜென்ட்அட்ரஸ் என்று ஒரு வரி இருக்கும், அதில் சர்வரின் உண்மையான ஐபியைச் சேருங்கள், சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். பிறகு எஸ்எஸ் கட்டளையில் யுடிபி 161 எந்த முகவரியில் திறந்திருக்கிறது என்று பாருங்கள். 127 மட்டும்தான் தெரிகிறது என்றால் ஃபயர்வாலைத் தொடவே வேண்டாம், பிரச்சினை இன்னும் அந்த வரியில்தான் இருக்கிறது.

அது சரியானதும் அடுத்த புகார் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். பதில் வரும், ஆனால் ஹோஸ்ட் பெயர், அப்டைம் மாதிரி நாலு விஷயத்தோடு நின்றுவிடும். டிஸ்க் இல்லை, இன்டர்ஃபேஸ் டிராஃபிக் இல்லை. காரணம் அதே கான்ஃபில் உள்ள சிஸ்டம்ஒன்லி என்ற வியூ (எதையெல்லாம் காட்டலாம் என்ற வரம்பு). அது .1.3.6.1.2.1.1 கிளையையும் .1.3.6.1.2.1.25.1 கிளையையும் மட்டும்தான் காட்டும். உங்கள் ஸாபிக்ஸ் சர்வரின் ஐபிக்கு மட்டும் முழு மரத்தையும் திறந்துவிடுங்கள்.

4 பிப்ரவரி

கேள்வி கேட்டவர் ராக்கியில் ஸாபிக்ஸ் பயனராக சூடோ போட்டுச் சோதித்தாராம், எஃப்பிங் (ஸாபிக்ஸ் பிங் அடிக்கப் பயன்படுத்தும் கருவி) அழகாகப் போகிறதாம், ஆனாலும் திரையில் சிவப்பு. நல்லது, இதற்காகத்தான் காத்திருந்தேன்.

யாராகக் கேட்கிறோம் என்று நேற்று எழுதியதற்கு ராக்கி சேர்ந்த ரெட்ஹாட் குடும்பத்தில், எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் இன்னொரு அடுக்கு உண்டு. எஸ்ஈலினக்ஸ். நீங்கள் டெர்மினலில் சூடோ போட்டு ஸாபிக்ஸ் பயனராக மாறினாலும் எஸ்ஈலினக்ஸின் கண்ணுக்கு நீங்கள் கட்டுப்பாடு இல்லாத ஆள்தான். சிஸ்டம்டி கிளப்பிவிட்ட ஸாபிக்ஸ் சர்வர்தான் கட்டுக்குள் இருக்கும் ஆள். பயனர் பெயர் ஒன்று, உரிமை வேறு. அதனால் சூடோ சோதனை தோற்றால் நிச்சயமாகக் கோளாறு இருக்கிறது, ஜெயித்தால் ஒன்றும் சொல்ல முடியாது.

ஆடிட் லாக்கில் ஸாபிக்ஸ் பெயரில் டினைட் வரிகள் இருக்கின்றனவா பாருங்கள். சந்தேகம் என்றால் செட்என்ஃபோர்ஸ் 0 போட்டு இரண்டு நிமிடம் வேடிக்கை பாருங்கள், பச்சை வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது, உடனே திரும்ப 1 போடுங்கள். எஸ்ஈலினக்ஸை நிரந்தரமாக அணைப்பதை இன்ஸ்டாலேஷனின் முதல் சடங்காகவே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களோடு சண்டை போட எனக்குத் தெம்பு இல்லை. ஸாபிக்ஸ்_கேன்_நெட்வொர்க் என்று ஒரு பூலியன் (ஆன்/ஆஃப் அமைப்பு) இருக்கிறது, அதை ஆன் செய்தால் பெரும்பாலும் போதும். எஃப்பிங்குக்கு மட்டும் தனி பாலிசி எழுத வேண்டி வரலாம், ஆடிட்2அலவ் என்ற கருவி எழுதித் தரும், என்ன எழுதியது என்று ஒரு தடவை படித்துவிட்டு ஏற்றுங்கள்.

இன்னொன்று. வெப் பக்கத்தின் அடியில் "ஸாபிக்ஸ் சர்வர் ஓடவில்லை" என்று வரும், போய்ப் பார்த்தால் சர்வர் ஜம்மென்று ஓடிக்கொண்டிருக்கும். அந்த வாக்கியத்தின் அர்த்தம், வெப் சர்வரால் 10051 போர்ட்டைத் தொட முடியவில்லை என்பதுதான். அதற்கு எச்டிடிபிடி_கேன்_கனெக்ட்_ஸாபிக்ஸ் என்று வேறு ஒரு பூலியன். சர்வரை நூறு தடவை ரீஸ்டார்ட் செய்தாலும் அது மறையாது.

4 பிப்ரவரி, கொஞ்ச நேரம் கழித்து

பப்ளிக் என்ற கம்யூனிட்டி ஸ்ட்ரிங்கை (எஸ்என்எம்பிக்குப் பாஸ்வேர்ட் மாதிரி) அப்படியே விடாதீர்கள், மாற்றுங்கள் என்று சொன்னேன். மாற்றிவிட்டாராம். பிரைவேட் என்று. ஐயா, அது காலங்காலமாக எழுதும் உரிமைக்கு எல்லா ஸ்விட்ச் கம்பெனியும் வைக்கும் டீஃபால்ட்.

6 பிப்ரவரி

விண்டோஸ் பக்கம் வருவோம். இதில்தான் அதிகம் முடி கொட்டியிருக்கிறது எனக்கு.

எஸ்என்எம்பி சர்வீஸைச் சேர்த்தாயிற்று, ஓடுகிறது, பதில் இல்லை. சர்வீசஸ் ஜன்னலில் அதன் ப்ராபர்ட்டீஸைத் திறந்தால் செக்யூரிட்டி டேப் இருக்கும். கம்யூனிட்டி பட்டியல் காலியாக இருக்கும், லோக்கல்ஹோஸ்டிடமிருந்து வரும் பாக்கெட்டை மட்டும் ஏற்றுக்கொள் என்று டிக் ஆகியிருக்கும். உபுண்டு கான்ஃப் ஃபைலில் செய்த அதே வேலையை இவர்கள் டேப்பில் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த டேப்பே இல்லை என்றால் சர்வர் பதிப்பில் எஸ்என்எம்பி டூல்ஸ் என்ற நிர்வாகக் கருவியைத் தனியாகச் சேர்க்க வேண்டும், பிறகு சர்வீசஸ் ஜன்னலை மூடித் திறந்தால் வரும்.

ஆனால் என் சொந்த அபிப்பிராயம், விண்டோஸில் எஸ்என்எம்பிக்காக நேரம் செலவழிக்காதீர்கள். விண்டோஸ் சர்வர் 2012இலேயே மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிடப்போகும் பட்டியலில் சேர்த்துவிட்டது. வெர்ஷன் 3 அதில் கிடையாது, 1உம் 2சியும்தான், அதாவது கம்யூனிட்டி ஸ்ட்ரிங் வயரில் அப்படியே வெளிப்படையாகப் போகும். ஸாபிக்ஸ் ஏஜென்டை (கண்காணிக்கப்படும் மெஷினிலேயே ஓடும் ஸாபிக்ஸின் சிறு நிரலை) போடுங்கள், 10050 போர்ட்டைத் திறங்கள், வேலை முடிந்தது.

ஏஜென்ட் போடவே கூடாது என்று ஆடிட்டர் சொல்லிவிட்டதால் டபிள்யூஎம்ஐ (விண்டோஸின் சொந்த நிர்வாக வசதி) வழியாகப் பிடிக்கிறவர்களுக்கு: முதல் பேச்சு டிசிபி 135இல், மீதிப் பேச்சு 49152 முதல் 65535 வரை ஏதோ ஒரு போர்ட்டில். 135ஐ மட்டும் திறந்துவிட்டு "டெஸ்ட் சரியாக இருக்கிறது, டேட்டா வரவில்லை" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்து 2023 மார்ச்சில் ஒரே நாளில் மொத்தமாகச் செத்துப்போன கதை என்றால் அது டிகாம் ஹார்டனிங், அதாவது டபிள்யூஎம்ஐ பயன்படுத்தும் டிகாமின் பாதுகாப்பை மைக்ரோசாஃப்ட் இறுக்கியது. 2022 ஜூனில் தானாக ஆன் ஆக்கினார்கள், வேண்டாம் என்றால் ரெஜிஸ்ட்ரியில் அணைக்க முடிந்தது. 14 மார்ச் 2023 அப்டேட்டோடு அந்த வசதியும் போய்விட்டது. கண்காணிக்கப்படும் மெஷினின் சிஸ்டம் லாகில் 10036 என்ற ஈவென்ட் இருந்தால் சந்தேகமே வேண்டாம். சரிசெய்ய வேண்டியது கேட்கிற பக்கத்து மென்பொருளை, விண்டோஸை அல்ல.

லோக்கல் அட்மின் கணக்கு, பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் ஆக்சஸ் டினைட்? யூஏசி என்ற விண்டோஸ் பாதுகாப்பு, தூரத்திலிருந்து வரும் லோக்கல் அட்மினின் உரிமையை வெட்டிவிட்டுத்தான் உள்ளே விடும். டொமைன் கணக்குக்கு இந்த வெட்டு இல்லை. இங்கேயும் அதே கதைதான் பாருங்கள், பெயர் ஒன்று, உரிமை வேறு.

7 பிப்ரவரி

"நேற்று வரை பச்சை, கரண்ட் போய் வந்ததும் விண்டோஸ் மட்டும் சிவப்பு, யாரும் எதையும் தொடவில்லை."

நம்புகிறேன். நான் வேலை பார்ப்பது துணி ஏற்றுமதி செய்யும் இடத்தில், கணக்குப் பிரிவு முழுக்க விண்டோஸ், கரண்ட் போவதும் வருவதும் சகஜம். யுபிஎஸ் தீர்ந்து எல்லாம் ஒன்றாக எழும்போது டொமைன் கன்ட்ரோலருக்கு (கணக்குகளைச் சரிபார்க்கும் மைய சர்வருக்கு) முன்னால் மற்ற சர்வர் எழுந்துவிட்டால் அது சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு டொமைனைக் காணோம் என்று நெட்வொர்க் ப்ரொஃபைலை பப்ளிக் ஆக்கிக்கொள்ளும். நீங்கள் டொமைன் ப்ரொஃபைலுக்கு மட்டும் எழுதிவைத்த ஃபயர்வால் ரூல் எல்லாம் அப்போது செல்லாது. பிங்குக்கும் பதில் வராது, ஏனென்றால் எக்கோ ரிக்வெஸ்ட்டை விண்டோஸ் ஃபயர்வால் இயல்பாகவே தடுக்கும். உடனடி வைத்தியம் நெட்வொர்க் அடாப்டரை டிஸேபிள் செய்து எனேபிள் செய்வது. உண்மையான வைத்தியம் டொமைன் கன்ட்ரோலரை முதலில் எழுப்புவது.

9 பிப்ரவரி

மேக். டிசைன் பிரிவில் இதைத்தான் வைத்திருக்கிறார்கள், பார்க்க லட்சணமாக இருக்கிறது, கண்காணிக்கத்தான் ஆகாது.

மேக்ஓஎஸ் 15 செக்கோயா வந்ததிலிருந்து ஒரு செயலி லோக்கல் நெட்வொர்க்கில் உள்ள மற்ற மெஷின்களோடு பேச வேண்டும் என்றால் பயனர் அனுமதி தர வேண்டும். முதல் தடவை ஒரு பெட்டி வரும், அவசரத்தில் வேண்டாம் என்று அழுத்தியிருப்பார்கள். அதன்பிறகு அந்தச் செயலிக்கு மட்டும் "நோ ரூட் டு ஹோஸ்ட்". ரவுட்டிங் டேபிளை எத்தனை தடவை பார்த்தாலும் சரியாகவே இருக்கும், டெர்மினலில் பிங் அடித்தால் போகும், ஸ்விட்சை மாற்றினாலும் தீராது. செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதிக்குள் லோக்கல் நெட்வொர்க் என்று இருக்கும், அங்கே போய் அந்தச் செயலியை ஆன் செய்ய வேண்டும். டெர்மினலிலிருந்து ஓட்டும் கட்டளைகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை, அதனால்தான் கையால் சோதிக்கிறவருக்கு இது தெரிவதே இல்லை.

வைஃபையில் ப்ரைவேட் அட்ரஸ் ஆன் செய்திருந்தால் நெட்வொர்க் கார்டின் எம்ஏசி முகவரியை வைத்து டிஎச்சிபியில் (ஐபி கொடுக்கும் சர்வீஸில்) நீங்கள் கட்டிவைத்த நிலையான ஐபி கிடைக்காது, நேற்றைய ஐபியில் இன்று வேறு யாரோ இருப்பார். அப்புறம் தூக்கம். மூடிவைத்த லேப்டாப் சிவப்பாக இருப்பது கோளாறு அல்ல. லேப்டாப்பைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்க்காதீர்கள் என்று நான் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டேன், மேலாளர் தன் லேப்டாப் மட்டும் பச்சையாகத் தெரிய வேண்டும் என்கிறார்.

9 பிப்ரவரி, இரவு

வயர்ஷார்க் (நெட்வொர்க் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) திறந்தால் இன்டர்ஃபேஸே காட்டவில்லை என்று கேட்டவருக்கு. லினக்ஸில் உங்களை வயர்ஷார்க் குழுவில் சேர்த்துவிட்டு லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள், குழுவில் சேர்த்தால் மட்டும் போதாது. மேக்கில் இன்ஸ்டாலரோடு வரும் ச்மோட்பிபிஎஃப்பை நிறுவவில்லை. விண்டோஸில் பாக்கெட் பிடிக்கும் டிரைவரான என்பிகேப் இல்லை, அல்லது எந்தக் காலத்திலோ போட்ட வின்பிகேப் மிச்சம் இருக்கிறது. லினக்ஸிலும் மேக்கிலும் ரூட்டாகத் திறந்தால் தெரியும் என்பது உண்மைதான், ஆனால் அவ்வளவு பெரிய நிரலை ரூட்டாக ஓட்டுவதைத் தவிர்க்கத்தான் பாக்கெட் பிடிக்கும் வேலையை டம்ப்கேப் என்று தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்.

வெளியே போகும் பாக்கெட்டுகளுக்கெல்லாம் செக்சம் தவறு என்று காட்டினால் பயப்பட வேண்டாம். செக்சமை நெட்வொர்க் கார்டு கணக்கிடும், வயர்ஷார்க் அதற்கு முன்பே பார்த்துவிடுகிறது.

11 பிப்ரவரி

"டிசிபிடம்ப்பில் (பாக்கெட்டுகளைக் காட்டும் கட்டளை) 161க்கு வரும் பாக்கெட் தெரிகிறது, அதனால் ஃபயர்வால் சரி, எஸ்என்எம்பிடிதான் பதில் சொல்ல மறுக்கிறது" என்று எழுதியிருக்கிறார். பாக்கெட் வந்தது சரி, மற்ற இரண்டும் அதிலிருந்து வராது. லினக்ஸில் உள்ளே வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் ஃபயர்வாலுக்கு முன்னாலேயே பார்த்துவிடும். வாசல் கேமராவில் ஆள் வந்தது தெரியும், வாட்ச்மேன் உள்ளே விட்டாரா என்பது தெரியாது. ரூலில் எண்ணிக்கை ஏறுகிறதா என்று பாருங்கள், அதுதான் சாட்சி.

இவருடைய ஃப்ரீபிஎஸ்டி ஃபயர்வாலில் இன்னொரு சுவாரசியம். நாலு இன்டர்ஃபேஸ், நாலு ஐபி. ஸாபிக்ஸ் ஒரு ஐபியைக் கேட்கிறது, பதில் வேறு ஐபியிலிருந்து கிளம்புகிறது. யுடிபி என்பதால் கேட்டவர் "உன்னை நான் கேட்கவே இல்லையே" என்று தூக்கிப் போட்டுவிடுவார். இரண்டு பக்கமும் டிசிபிடம்ப் ஓட்டிப் பார்த்தால் கேள்வியும் இருக்கும் பதிலும் இருக்கும், திரையில் டைம்அவுட். ஸாபிக்ஸ் இருக்கும் பக்கத்து இன்டர்ஃபேஸின் ஐபியையே கேளுங்கள், தீர்ந்தது.

ஃப்ரீபிஎஸ்டியில் தொலையும் இன்னொரு இடம் கான்ஃப் ஃபைல். ஓஎஸ்ஸோடு வருவது பிஎஸ்என்எம்பிடி, அதன் ஃபைல் இடிசி கோப்புறையில். போர்ட்ஸிலிருந்து போடும் நெட்-எஸ்என்எம்பியின் ஃபைல் யூஎஸ்ஆர் லோக்கலுக்குள். ஒன்று ஓடும்போது இன்னொன்றின் ஃபைலைத் திருத்திக்கொண்டிருந்தால் விடிய விடிய திருத்தலாம். இரண்டையும் கிளப்பினால் 161 யாருக்கு என்று அடிதடி. பிஎஸ்என்எம்பிடியில் டிஸ்க், மெமரி வர வேண்டும் என்றால் ஹோஸ்ட்ரெஸ் மாட்யூலை அந்த ஃபைலில் ஏற்ற வேண்டும்.

15 பிப்ரவரி

எஸ்என்எம்பி வெர்ஷன் 3க்கு மாறினாராம், நல்ல முடிவு, இப்போது புதுக் கூத்து. இரண்டு உபுண்டு விஎம் (மெய்நிகர் மெஷின்). ஒன்று பச்சையாக இருக்கும்போது இன்னொன்று சிவப்பு, பத்து நிமிடம் கழித்து இடம் மாறிக்கொள்கின்றன. கையால் கேட்டால் இரண்டும் ஒழுங்காகப் பதில் சொல்கின்றன. பாஸ்வேர்ட் எட்டு எழுத்துக்கு மேல், நேரம் சரி, ஃபயர்வால் சரி.

ஒரே டெம்ப்ளேட்டிலிருந்து க்ளோன் செய்தீர்களா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஆமாம்.

நெட்-எஸ்என்எம்பி முதல் தடவை ஓடும்போது தனக்கென்று ஓர் எஞ்சின் ஐடி (தனி அடையாளம்) உருவாக்கி வார் லிப் எஸ்என்எம்பிக்குள் இருக்கும் ஃபைலில் எழுதிவைக்கும் (ராக்கியில் அந்தக் கோப்புறைக்குப் பெயர் நெட்-எஸ்என்எம்பி). டெம்ப்ளேட்டில் ஒரு தடவை ஓடியிருந்தால் க்ளோன்கள் எல்லாமே அதே ஐடியோடு பிறக்கும். வெர்ஷன் 3இல் கேட்கிற பக்கம், ஒவ்வோர் எஞ்சின் ஐடியும் எத்தனை தடவை பூட் ஆனது, பூட் ஆகி எத்தனை வினாடி ஆயிற்று என்று ஞாபகம் வைத்திருக்கும். 150 வினாடிக்கு மேல் விலகினால் பழைய பாக்கெட்டை யாரோ மறுபடி அனுப்புகிறார்கள் என்று எடுத்துக்கொண்டு நிராகரிக்க வேண்டும் என்பது விதி. ஒரே ஐடியில் இரண்டு மெஷின், இரண்டு வேறு கடிகாரம். ஒன்றின் கணக்கை வைத்து இன்னொன்றிடம் பேசினால் எப்படி ஒத்துப்போகும்? கையால் கேட்கும்போது வருவதற்குக் காரணம், எஸ்என்எம்பி வாக் ஒவ்வொரு தடவையும் புதிதாக விசாரித்துவிட்டுத்தான் தொடங்கும், ஸாபிக்ஸ் சர்வர் நினைவில் வைத்துக்கொண்டு ஓடும்.

சரிசெய்யும்போது வரிசை முக்கியம். முதலில் எஸ்என்எம்பிடியை நிறுத்துங்கள், ஏனென்றால் அது நிற்கும்போது அந்த ஃபைலைத் தானே மறுபடி எழுதும், ஓடும்போது நீங்கள் திருத்தியது காற்றில் போய்விடும். ஓல்ட்எஞ்சின்ஐடி வரியையும் பயனர் வரிகளையும் நீக்குங்கள். பழைய பயனரை அப்படியே வைத்துக்கொள்ளலாமே என்றால் முடியாது, சேமித்திருக்கும் சாவி பாஸ்வேர்டையும் எஞ்சின் ஐடியையும் சேர்த்துக் கணக்கிட்டது, ஐடி மாறினால் சாவி செல்லாது. க்ரியேட்யூசர் வரியைப் புதிதாக எழுதிக் கிளப்புங்கள். கடைசியாக ஸாபிக்ஸ் பக்கம் எஸ்என்எம்பி கேஷை ரீலோட் செய்யுங்கள், இல்லாவிட்டால் அது பழைய ஞாபகத்திலேயே இருக்கும். டெம்ப்ளேட்டிலும் அந்த ஃபைலை நீக்கிவைத்துவிடுங்கள்.

20 பிப்ரவரி

எல்லாம் பச்சை என்று மகிழ்ச்சியாக எழுதியிருக்கிறார். இனிமேல்தான் பச்சையைச் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு கிகாபிட் ஸ்விட்ச் போர்ட்டின் கிராஃப் மத்தியானம் ஆனால் குறைவாகக் காட்டுகிறது, அந்த நேரத்தில்தான் பேக்கப் ஓடுகிறது. போர்ட்டுக்குள் வந்த பைட்டுகளை எண்ணும் ஐஎஃப்இன்ஆக்டெட்ஸ் 32 பிட் கவுன்டர், 429 கோடி பைட்டில் நிரம்பிப் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். முழு வேகத்தில் ஓடும் கிகாபிட் லிங்கில் அதற்கு 34 வினாடிதான் ஆகும். நீங்கள் 5 நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டால் நடுவில் எத்தனை சுற்று போனது என்று யாருக்கும் தெரியாது. 100 மெகாபிட்டில் நிரம்ப 343 வினாடி, அதாவது 5 நிமிடத்துக்கு மேலே நூலிழையில் தப்பித்துக்கொண்டிருந்தது. டோபியாஸ் ஓட்டிக்கர் 1995இல் எம்ஆர்டிஜி என்ற டிராஃபிக் கிராஃப் மென்பொருளை வெளியிட்ட காலத்தில் அவர் அளந்தது 64 கிலோபிட் லைன், அன்றைக்கு இதெல்லாம் கவலையே இல்லை. இப்போது ஐஎஃப்எச்சிஇன்ஆக்டெட்ஸ் என்ற 64 பிட் கவுன்டரைக் கேளுங்கள். அதற்கு 2சி அல்லது 3 வேண்டும், வெர்ஷன் 1க்கு 64 பிட் கவுன்டர் என்ற வகையே தெரியாது. டெம்ப்ளேட் சரியாக இருந்து ஹோஸ்ட்டில் வெர்ஷன் 1 என்று இருந்தால் அந்த ஐட்டம் மட்டும் சும்மா காலியாக இருக்கும்.

இதே ரகத்தில் இன்னும் சில. லினக்ஸ் மெமரி 95 சதவீதம் என்று ராத்திரி அலாரம் அடிக்கும், எஸ்என்எம்பியின் எச்ஆர்ஸ்டோரேஜ் கணக்கில் கேஷும் பஃபரும் பயன்படுத்தியதாகவே சேர்ந்துவிடுவதால். பெரிய டிஸ்க்கின் அளவு மைனஸில் வரும், அந்த எண் குறியோடு கூடிய 32 பிட், 4 கேபி யூனிட்டில் 8 டெராபைட் தாண்டினால் வழிந்துவிடும். 497 நாள் ஓடிய சர்வர் ரீபூட் ஆனதாகச் செய்தி வரும், சிஸ்அப்டைம் நூறில் ஒரு வினாடியாக எண்ணுகிற 32 பிட் எண். போதாததற்கு நெட்-எஸ்என்எம்பியில் அது ஏஜென்டின் வயதே தவிர மெஷினின் வயது அல்ல, எஸ்என்எம்பிடியை ரீஸ்டார்ட் செய்தாலே ரீபூட் என்று கத்தும். எச்ஆர்சிஸ்டம்அப்டைமைக் கேட்டால் மெஷினின் வயது வரும், 497 நாள் எல்லை அதற்கும் உண்டு.

அந்த 497 நாள் சர்வர் யாருடையது என்று ஒருவர் கேட்கிறார். யாருடையதோ. அப்டேட் போடாமல் அத்தனை நாள் வைத்திருப்பவர் தன் பெயரைச் சொல்ல மாட்டார்.

26 பிப்ரவரி

எஸ்என்எம்பிடி லாக் டிஸ்க்கையே நிரப்புகிறது, ஒவ்வொரு கேள்விக்கும் "கனெக்‌ஷன் ஃப்ரம் யுடிபி" என்று ஒரு வரி. கான்ஃபில் டோன்ட்லாக்டிசிபிராப்பர்ஸ்கனெக்ட்ஸ் யெஸ் என்று போடுங்கள். இவ்வளவு நீளமான பெயர் வைத்தவர் டைப் செய்தே பார்த்திருக்க மாட்டார்.

5 மார்ச்

கடைசியாக வந்த கேள்வி இழைக்குக் கொஞ்சம் வெளியே, ஆனால் நல்ல கேள்வி. பழைய 32 பிட் ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டரில் ஓடிய எம்ஆர்டிஜி கிராஃப்களை 64 பிட் லினக்ஸுக்கு மாற்றினால் வேறு ஆர்க்கிடெக்சரில் உருவாக்கிய ஃபைல் என்று சொல்லித் திறக்க மறுக்கிறது. கிராஃபின் எண்களைச் சேமிக்கும் ஆர்ஆர்டி ஃபைல் அது உருவான சிபியுவின் வடிவத்திலேயே எண்களை எழுதிவைக்கும், அப்படியே நகலெடுத்தால் செல்லாது. பழைய பையில் ஆர்ஆர்டிடூல் டம்ப் போட்டு எக்ஸ்எம்எல்லாக எடுங்கள், புதிய மெஷினில் ரீஸ்டோர் போடுங்கள். டம்ப் எடுக்கும்போது க்ரானில் எம்ஆர்டிஜியை நிறுத்திவையுங்கள். புதிய மெஷினில் கிராஃப் சரியாக வருகிறது என்று பார்க்கும்வரை அந்தப் பையின் எஸ்டி கார்டை வேறு வேலைக்கு எடுக்காதீர்கள், அந்த ஃபைல்களை நேரடியாகத் திறக்க அதே வகை மெஷின்தான் வேண்டும்.